ஹிப்பரும் மிமிக்கோவும்

மோகனராஜுக்கு ஆண்டவன் கொடுத்த குரல் ஒரு பேருந்துக்கு அளவெடுத்துத் தைத்தது. வீட்டுக்குள் அது கொள்ளாது. பாயான் பாரு அடுக்குமாடியில் தன் வாசலில் நின்று மனைவியிடம் "உப்பு இருக்கா?" என்று அவர் கேட்டால், எதிர் புளோக்கிலிருந்து யாராவது இருக்கிறது என்று பதில் சொல்லிவிடுவார்கள். ஆனால் பாருங்கள், அவருக்கு வாய்த்ததோ வாயைத் திறக்க முடியாத வேலை. எலக்ட்ரானிக் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றி இறக்கும் பஸ் ஓட்டுகிறார். இரவு வேலை முடிந்து ஏறும் பெண்கள் உட்கார்ந்ததும் தூங்கிவிடுவார்கள். காலை வேலைக்குப் போகிறவர்களும் பாதித் தூக்கத்தில்தான் வருவார்கள். ரேடியோவைப் போட்டால்கூட, "அண்ணே, ப்ளீஸ்லா" என்று பின்னாலிருந்து ஒரு முனகல் வரும். இவ்வளவு குரலை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு ஒரு மனிதன் எத்தனை வருடம்தான் சும்மா ஓட்டுவான்?

அதற்கு வடிகாலாக வந்து சேர்ந்ததுதான் ஹிப்பர்.

ஹிப்பர் ஒரு ஜெர்மன் போர்க்கப்பல். கனரக க்ரூஸர் என்பார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்துக் கப்பல் அது. நிஜத்தில் எப்போதோ முடிந்துபோய்விட்டது. கணினியில் ஆடும் ஒரு கடற்சண்டை விளையாட்டில் மட்டும் இன்னும் குண்டு போட்டுக்கொண்டிருக்கிறது. காலை ஷிப்ட்டுக்கு ஆளை இறக்கிவிட்டு, மத்தியானம் அவர்களை ஏற்றப் போகும்வரை மோகனராஜுக்கு வேலை கிடையாது. சும்மா கிடந்த மகளுடைய பழைய லேப்டாப்பில் ஒருநாள் தெரியாத்தனமாக அந்த விளையாட்டைத் திறந்தவர், அன்றோடு பகல் தூக்கத்தை விட்டார்.

எத்தனையோ கப்பல் இருக்க ஹிப்பரை ஏன் பிடித்தது என்று கேட்டால் அவரிடம் நீண்ட பதில் உண்டு. சுருக்கமாகச் சொன்னால் இரண்டு காரணம். ஒன்று, அதற்குக் காது நன்றாகக் கேட்கும். தண்ணீருக்கு அடியில் வரும் டார்பிடோவை மற்ற கப்பல்கள் பார்ப்பதற்கு முன்பே ஹிப்பரின் ஒலிக்கருவி கேட்டுச் சொல்லிவிடும். இரண்டாவது, அதை ஓட்டுவதற்கு ஒரு முறை இருக்கிறது. முகத்தைச் சற்றுச் சாய்த்து எதிரியைப் பார்த்து நின்றால் வருகிற குண்டெல்லாம் வழுக்கிக்கொண்டு போகும். விலாவைத் திருப்பிக் காட்டினாலோ ஒரே அடியில் கதை முடிந்தது. "பக்கத்தக் காட்டாத" என்பது மோகனராஜின் மந்திரம். தூக்கத்தில்கூட அதைச் சொல்கிறார் என்று அவர் மனைவி புஷ்பவள்ளி சத்தியம் செய்வாள்.

விளையாட்டில் ஒரே அணியில் இருப்பவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ள வசதி உண்டு. மோகனராஜ் அதை வசதியாகவே பயன்படுத்திக்கொண்டார். உடன் ஆடுகிறவர்கள் ஜப்பான்காரர்கள், தைவான்காரர்கள், எங்கோ இந்தோனேசியாவில் இருக்கும் பையன்கள். இவர்களுக்குத் தமிழ் எங்கே தெரியப் போகிறது? ஆகவே மைக்கைத் திறந்து வைத்துக்கொண்டு, பஸ்ஸில் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் அங்கே கொட்டுவார். ஒருவரும் ஒரு சொல் திருப்பிப் பேசியதில்லை. அவ்வளவு சுகமான இடம் அவருக்கு வீட்டிலும் கிடைக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை காலையில் அவருடைய அணியில் மிமிக்கோ என்று ஒரு ஆள் இருந்தான். பெயரைப் பார்த்ததும் ஜப்பான்காரக் கிழவன் என்று மோகனராஜ் முடிவு கட்டிவிட்டார். கையில் இருப்பதோ அணியிலேயே பெரிய போர்க்கப்பல். ஆனால் சண்டை தொடங்கியதும் ஒரு தீவுக்குப் பின்னால் போய் நின்றவன் அசையவே இல்லை. முன்னால் நிற்பவர்கள் ஒவ்வொருவராக மூழ்கிக்கொண்டிருந்தார்கள்.

"டேய் மிமிக்கோ, தீவுக்குப் பின்னால என்னடா பண்ற, துணி காயப்போடுறியா? அவ்ளோ பெரிய பீரங்கிய வச்சிக்கிட்டு, பாசார்ல மீன் வெல கேக்க வந்தவன் மாதிரி நிக்கிற. உன்ன நம்பி ஒரு சம்பான் படகு குடுக்க முடியுமாடா? வீட்டையும் இப்படித்தான் பார்த்துக்குவியா? உன் வீட்டுக்கெல்லாம் எவன்டா பொண்ணு குடுப்பான்?"

திட்டி வாய் மூடவில்லை, ஹிப்பரின் கருவி கத்தியது. டார்பிடோக்கள் நேராகத் தீவுக்குப் பின்னால் நிற்கும் அந்த மரக்கட்டையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. மோகனராஜ் பல்லைக் கடித்தார். தன் மந்திரத்தைத் தானே மீறி, ஹிப்பரைக் குறுக்கே திருப்பி, விலாவைக் கொடுத்து வாங்கிக்கொண்டார். ஹிப்பர் மூழ்கியது. மூழ்கும்போதும் திட்டிக்கொண்டேதான் மூழ்கினார். கொஞ்ச நேரத்தில் மிமிக்கோவுக்கு எங்கிருந்தோ உயிர் வந்து, நாலைந்து பேரை அடித்துச் சாய்த்துச் சண்டையை ஜெயித்துக் கொடுத்தான். முடிந்ததும் மோகனராஜின் பெயருக்கு நேரே ஒரு பாராட்டுக் குறியும் போட்டிருந்தான்.

"பாராட்டு வேறயா" என்று லேப்டாப்பை மூடிவிட்டு அவர் பஸ் எடுக்கப் போனார்.

*

மறுநாள் சுங்கை பாக்காப்பில் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போகவேண்டியிருந்தது. இங்கேதான் ஒரு பழைய கதையைச் சொல்லியாக வேண்டும்.

மோகனராஜின் ஒரே மகள் சாந்தினிக்கு இதற்கு முன்னால் ஒரு சம்பந்தம் கூடி வந்தது. பட்டர்வொர்த் பக்கம் நல்ல குடும்பம். விருந்தில் மாப்பிள்ளையின் பெரியப்பா தானே சமைத்த ஆட்டுக்கறியைப் பெருமையோடு பரிமாறினார். ஒரு வாய் மென்ற மோகனராஜ், "இது ஆடா, என் பஸ் டயரா?" என்று கேட்டார். தமாஷுக்குத்தான் கேட்டார். ஆனால் அந்தக் குரலில் தமாஷ் என்று ஒன்று தனியாகத் தெரியாது. கூடத்தில் இருந்த அத்தனை பேரும் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார்கள். சம்பந்தம் அன்றோடு போயிற்று. சாந்தினி அப்பாவை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் பல மாதம் அவரோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். இது அவரை உள்ளே அரித்துவிட்டது.

இப்போது வந்திருப்பது சுகுமாரன். சாந்தினியோடு ஒரே தொழிற்சாலையில் வேலை. இருவரும் விரும்பி, வீட்டில் சொல்லி, முறையாகப் போகட்டும் என்று ஏற்பாடு. பையனுக்கு அப்பா இல்லை. அம்மா குமுதா, ஆஸ்பத்திரியில் தலைமை மிஸ்ஸியாக, அதாவது தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். காரில் போகும்போது சாந்தினி பின் சீட்டிலிருந்து அவர் தோளைத் தொட்டாள்.

"அப்பா, அங்க போயி நல்லா பேசுங்க. கொஞ்சம் பார்த்துப் பேசுங்க. அவ்வளவுதான்."

"பேசுறேம்மா. பூ மாதிரி பேசுறேன்" என்றார். புஷ்பவள்ளி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கார் ஓட்டியது புஷ்பவள்ளியின் தம்பி சின்னையா. இரண்டாவது பாலம் தாண்டி, பத்து காவான் கடந்து, சுங்கை பாக்காப்பில் அந்தத் தாமான் குடியிருப்புக்குள் நுழைந்ததும் இடுக்கான சாலை. இந்தப் பக்கம் வரிசையாகக் கார்கள், அந்தப் பக்கம் மூடி இல்லாத லோங்காங் சாக்கடை. மோகனராஜ் இறங்கி நின்று, காரைப் பின்னால் எடுத்து நிறுத்த வழி காட்டினார்.

"டேய் சின்னையா, ஒடி, இன்னும் ஒடி. பக்கத்தக் காட்டாதடா. லோங்காங்ல எறக்கிடாத. காடி ஓட்டுறியா, சம்பான் ஓட்டுறியா?"

நாலு வீடு தள்ளி ஒரு நாய் குரைத்தது. கேட்டைத் திறக்க வந்த அம்மா அப்படியே கையை வைத்தபடி, தலையைச் சற்றுச் சாய்த்துக் கேட்டுக்கொண்டு நின்றார். நரைத்த முடியை இழுத்துக் கட்டிய, மெலிந்த, நிதானமான அம்மா. பிறகு கேட்டைத் திறந்தார்.

"வாங்கண்ணே. வாங்கம்மா. உள்ள வாங்க" என்றார் குமுதா. தாழ்ந்த குரல், ஆனால் ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விழுந்தது.

கூடத்தில் குமுதாவின் அண்ணன் ராமதாஸ் உட்கார்ந்திருந்தார். வேட்டி, விபூதி, பெரிய மனுஷத் தோரணை எல்லாம் சரியாக இருந்தது. மோகனராஜ் சோபாவில் உட்காரப் போன இடத்தில் ஒரு வெள்ளைப் பூனை சுருண்டு கிடந்தது.

"மிமி, எந்திரி. மாமாவுக்கு இடம் விடு" என்றார் குமுதா.

பூனை எழுந்து போயிற்று. மோகனராஜ் உட்கார்ந்தார். கால்மேல் கால் போடலாமா என்று யோசித்துக்கொண்டே கண்ணை ஓட்டினார். சுவரில் முருகன் படம், சுகுமாரன் பட்டம் வாங்கிய படம், மூலையில் ஒரு கணினி. கணினியின் திரை அணையவில்லை. அதில் துறைமுகம் ஒன்றில் ஒரு பெரிய போர்க்கப்பல் நின்றது. அது எந்தத் துறைமுகம், எந்தக் கப்பல் என்று அவருக்குத் தெரியாதா? மேலே மூலையில் ஆட்டக்காரர் பெயர் இருந்தது.

மிமிக்கோ.

மோகனராஜ் சோபாவின் நுனிக்கு நகர்ந்தார். மாப்பிள்ளைப் பையன்தான் மிமிக்கோவா? அந்தப் பையனையா டேய் என்றோம், அவனுக்கு எவன் பொண்ணு கொடுப்பான் என்றோம்? வியர்வையைத் துடைத்தார். சரி, சின்னப் பையன், கெஞ்சியாவது சமாளித்துக்கொள்ளலாம் என்று மனசைத் தேற்றுவதற்குள், அவர் பார்வை போன இடத்தை ராமதாஸ் பார்த்துவிட்டார்.

"அதுவா? என் தங்கச்சியோடதுங்க. ரிட்டையர் ஆனப்பறம் பொழுது போகலன்னு பையன் வாங்கிக் குடுத்தான். பகல் பூரா கப்பல் ஓட்டுது. நான் சொன்னாக் கேக்குறதில்ல" என்றார்.

மோகனராஜ் மறுபடி திரையைப் பார்த்தார். ஒரு வார்டையே கட்டி ஆண்ட அம்மா. அவரைத்தான் துணி காயப்போடுறியாடா என்று கேட்டிருக்கிறார். வீட்டையும் இப்படித்தான் பார்த்துக்குவியா என்று கேட்டிருக்கிறார். பொண்ணு விஷயத்தை நினைத்ததும் அவருக்குக் கண்ணை மூடிக்கொள்ளத் தோன்றியது.

அந்த அம்மாவுக்கு நம் முகம் தெரியாது, குரல் மட்டும்தான் தெரியும் என்று அவர் மூளை அவசரமாகக் கணக்குப் போட்டது. குரல் வெளியே வராமல் இருந்தால் தப்பித்தோம். பிறந்ததிலிருந்து செய்யாத காரியத்தை மோகனராஜ் அந்த நிமிடம் செய்யத் தீர்மானித்தார். வாயை இறுக மூடிக்கொண்டார்.

*

"பாலத்துல ரோடு ஜேமா அங்கிள்?" என்று சுகுமாரன் மரியாதையாகக் கேட்டான்.

மோகனராஜ் தலையை ஆட்டினார்.

"நீங்க பாக்டரி பஸ் ஓட்டுறதா சாந்தினி சொன்னா. ரொம்ப வருஷமா ஓட்டுறீங்களா?"

மறுபடி தலையாட்டல். சாந்தினி நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள்.

கல்யாணத்தைத் தண்ணீர்மலைக் கோயிலில் வைத்துக்கொள்ளலாமா என்று ராமதாஸ் கேட்டார். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம் என்பதுபோல ஒரு தலையசைப்பு வந்தது. புஷ்பவள்ளி தொடையில் கிள்ளினாள். வேறு வழியில்லாமல் மோகனராஜ், "ஆமாங்க" என்றார். குரலை மாற்றவேண்டும் என்று நினைத்து மூக்கால் சொன்னதில், அது ஆட்டுக்குட்டி கத்தியதுபோல வந்தது. சின்னையா சிரிப்பை இருமலாக மாற்றினான்.

"அவருக்குத் தொண்ட சரியில்லங்க" என்றாள் புஷ்பவள்ளி.

"இப்பத்தான் வெளிய தொண்ட நல்லா இருந்துச்சே" என்றார் ராமதாஸ்.

மோகனராஜ் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்தால் சிரிப்பு வந்திருக்கும். குமுதா எதிரே உட்கார்ந்தால் இவர் உடம்பை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டார். குமுதா இடம் மாறினால் இவரும் சாய்வை மாற்றினார். சாட்சாத் ஹிப்பர்தான். ஆனால் வருகிற கேள்வி எதுவும் வழுக்கிக்கொண்டு போகவில்லை, எல்லாம் நேராக வந்து விழுந்தது.

குமுதா தேத்தண்ணி கலக்கிக் கொண்டுவந்தார். தட்டில் அதிரசமும் முறுக்கும்.

"நேத்து போட்டது. எடுத்துக்குங்கண்ணே" என்று அவருக்கு நேராகவே நீட்டினார்.

அதிரசம் வாயில் வைத்ததும் கரைந்தது. இப்படியொரு அதிரசத்தை மோகனராஜ் பல வருடமாகச் சாப்பிட்டதில்லை. வேறொரு நாளாக இருந்தால் தெருவே கேட்கப் பாராட்டியிருப்பார். இன்று பாராட்டையும் அதிரசத்தோடு விழுங்கினார். அவர் பேசாமல் மென்றுகொண்டிருப்பதைப் பார்த்துச் சுகுமாரனின் முகம் சுண்டிப்போனது.

கடைசியில் தட்டு மாற்றும் நேரம் வந்தது. பெண் வீட்டார் கொண்டுவந்த தட்டும் மாப்பிள்ளை வீட்டுத் தட்டும் வெற்றிலை பாக்கு, பழம், தேங்காயோடு நடுவில் வைக்கப்பட்டன. ராமதாஸ் தொண்டையைச் செருமினார்.

"எங்க குடும்பத்துல ஒரு பழக்கம். பொண்ணோட அப்பா வாயால சொல்லணும். பொண்ண இந்த வீட்டுக்குக் குடுக்கிறோம்னு சபையில சத்தமா சொல்லணும். அப்பறம்தான் தட்டு மாத்துறது."

எல்லோரும் மோகனராஜைப் பார்த்தார்கள். மோகனராஜ் முறுக்கைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தலையைப் பலமாக மேலும் கீழும் ஆட்டினார்.

"தலையாட்டல் கணக்குல வராதுங்க" என்றார் ராமதாஸ்.

ராமதாஸின் முகம் இறுகியது. அவர் நல்ல மனிதர்தான். ஆனால் தங்கை வீட்டில் வந்து ஒருவன் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தால் யாருக்குத்தான் கோபம் வராது?

"வந்ததுலேர்ந்து பார்க்கிறேன். அவருக்கு மனசில்லன்னு தெரியுது. இஷ்டமில்லாத இடத்துல தட்டு மாத்தக் கூடாது. இன்னொரு நாளைக்குப் பார்ப்போம்மா குமுதா."

"கொஞ்சம் பொறுங்கண்ணே" என்றார் குமுதா. அவர் கண் மோகனராஜின் மேலேயே இருந்தது.

சாந்தினி எழுந்து வாசலுக்குப் போய்விட்டாள். மோகனராஜ் பின்னாலேயே போனார். கார் நிறுத்தும் இடத்தில், காய்ந்துகொண்டிருந்த துணிகளுக்கு நடுவில் அவள் நின்றாள். அழவில்லை. அவளுக்கு அழுகை சீக்கிரம் வராது. அதுதான் அவருக்கு இன்னும் கஷ்டம்.

"போன தடவ பேசிக் கெடுத்தீங்க" என்றாள். "இந்தத் தடவ பேசாமக் கெடுக்கிறீங்களாப்பா?"

"இல்லம்மா."

"சுகு உங்களுக்குப் பிடிக்கலயா? அத மட்டும் சொல்லுங்க."

"ஐயோ, தங்கமான பையன்லா அவன்" என்றார் கிசுகிசுப்பாக. "நான் வாயத் தொறந்தா எல்லாம் போயிடும் சாந்தினி. உனக்குத் தெரியாது."

"தொறக்காம இருந்தும் போகத்தான போவுது."

அவள் சொன்னது அவருக்கு உறைத்தது. ஒளிந்துகொண்டால் தான் தப்பலாம், மகள் தப்பமாட்டாள். பேசினால் அடி தன்மேல் விழும். அந்த அம்மா திட்டட்டும், ராமதாஸ் வெளியே போகச் சொல்லட்டும், காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டுவிடலாம். பையனும் பெண்ணும் பிழைத்துக்கொள்வார்கள். நேற்று யார் என்றே தெரியாத ஒருவனுக்காகக் குறுக்கே திரும்பவில்லையா? சொந்த மகளுக்கு அதைக்கூடச் செய்யாத அப்பனா?

மோகனராஜ் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு உள்ளே போனார். கூடத்தின் நடுவில், எல்லாப் பக்கத்தையும் காட்டிக்கொண்டு நேராக நின்றார்.

"என் பேரு மோகனராஜ்" என்றார்.

ஆண்டவன் கொடுத்த குரல் முழுசாக வெளியே வந்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மிமி அலமாரிக்கு மேலே தாவியது.

"தொண்டையெல்லாம் நல்லாத்தான் இருக்கு. என் வாய்தான் நல்ல வாயில்ல. அதனால மூடிக்கிட்டு உக்காந்திருந்தேன், மன்னிச்சிருங்க. என் மக சாந்தினிய இந்த வீட்டுக்குக் குடுக்கிறோம். முழு மனசோட குடுக்கிறோம். இந்த அதிரசம் மாதிரி நான் சாப்பிட்டதில்ல. சுகுமாரன் மாதிரி ஒரு பையன் கெடைக்க நாங்க குடுத்து வச்சிருக்கணும். அப்பறம் நீங்க என்ன சொன்னாலும் நான் கேட்டுக்கிறேன்."

சொல்லி முடித்து, தண்டனைக்குக் காத்திருப்பவர்போல குமுதாவைப் பார்த்தார்.

குமுதாவின் முகத்தில் எதுவும் மாறவில்லை. அவர் எழுந்தார். புடவையைச் சரிசெய்துகொண்டார். தட்டைக் கையில் எடுத்தார்.

"கேட்டுச்சுண்ணே" என்றார். "நல்லாவே கேட்டுச்சு." பிறகு ராமதாஸிடம், "அண்ணே, தட்ட மாத்துங்க" என்றார்.

ராமதாஸ் மோகனராஜை மேலும் கீழும் பார்த்தார். வாயால் சொன்ன பிறகு சொல்ல என்ன இருக்கிறது? தட்டு மாறியது. புஷ்பவள்ளி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சின்னையா எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு அதிரசம் எடுத்துக்கொண்டான். சாந்தினி அப்பாவின் பக்கத்தில் வந்து நின்று அவர் கையைப் பிடித்தாள், விடவில்லை. அந்த அம்மாவுக்குக் குரல் அடையாளம் தெரியவில்லை என்று மோகனராஜ் நினைத்தார். முருகன் காப்பாற்றினான். இனி இந்த ஜென்மத்தில் மைக்கைத் திறப்பதில்லை, தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுத்துவிடலாம் என்று மனசுக்குள்ளேயே வேண்டிக்கொண்டார்.

பிள்ளைகள் படம் எடுக்க வாசலுக்குப் போனார்கள். ராமதாஸும் அங்கே போய் யார் எங்கே நிற்பது என்று ஏற்பாடு செய்யத் தொடங்கினார். மோகனராஜும் நழுவப் பார்த்தார்.

"சம்பந்தி" என்று பின்னாலிருந்து அந்தத் தாழ்ந்த குரல் கூப்பிட்டது. "இங்க கொஞ்சம் வாங்க."

குமுதா கணினி மேசையருகில் நின்றார். திரையில் அந்தப் பெரிய போர்க்கப்பல் இன்னும் அசையாமல் நின்றுகொண்டிருந்தது.

"ஹிப்பர்தான ஓட்டுறீங்க?"

மோகனராஜ் வாசலை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "எப்பம்மா தெரிஞ்சிச்சு?"

"உங்க மச்சான் காடிய ரிவர்ஸ் எடுத்தப்ப. 'பக்கத்தக் காட்டாத'ன்னு ஒரு குரல் வந்துச்சு. உலகத்துல அப்படி வேற யாரு சொல்வாங்க? உங்க ஹிப்பருக்கு மட்டும்தான் காது இருக்குன்னு நெனச்சீங்களா?"

அப்படியானால் உள்ளே நுழைவதற்கு முன்பே தெரியும். இவ்வளவு நேரம் மூக்கால் பேசியது, சாய்ந்து உட்கார்ந்தது, தலையாட்டியது எல்லாம் யாருக்காக? மோகனராஜ் இரண்டு கையையும் கூப்பினார்.

"அம்மா, தெரியாமப் பேசிட்டேன். ஜப்பான்காரன்னு நெனச்சேன். நாக்க அறுத்துப் போடணும். நீங்க ஏன் தீவுக்குப் பின்னால நின்னீங்கன்னு கூட ஒரு நிமிஷம் யோசிக்கல."

"அடுப்புல எண்ண காஞ்சிருந்துச்சு. அதிரசம் கருகிடும்னு போனேன். சம்பந்தி வீட்டுக்காரங்க மொத தடவ வர்றாங்களே, கருகினதையா வைக்கிறது?"

மோகனராஜ் அதிரசத் தட்டைத் திரும்பிப் பார்த்தார். நாலு அதிரசம் சாப்பிட்டிருந்தார்.

"நான் முப்பது வருஷம் வார்டுல இருந்தவ" என்றார் குமுதா. "திட்டு வாங்கி எனக்குப் பழக்கம். சில பேரு வாயி நிறைய இனிப்பாப் பேசுவாங்க, ராத்திரி ரத்தம் வேணும்னா ஆளைக் காணோம். சில பேரு கத்து கத்துன்னு கத்துவாங்க, கையை மட்டும் முன்னால நீட்டுவாங்க. நேத்து அடுப்படியிலேர்ந்து எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுதான் இருந்தேன். ஓடி வந்து பார்த்தா, எனக்கு வந்ததையெல்லாம் உங்க கப்பல் குறுக்க நின்னு வாங்கிக்கிட்டிருக்கு. நீங்க திட்டுறத நிறுத்தல. கப்பலும் நகரல."

மோகனராஜ் கூப்பிய கையை இறக்கினார்.

"அப்பறம் இன்னிக்கு ஏம்மா ஒண்ணும் சொல்லாம விட்டீங்க? நான் உக்காந்து தவிச்சனே."

"நீங்களா வெளிய வர்றீங்களான்னு பார்த்தேன். தீவுக்குப் பின்னாலேயே நிக்கிற ஆளா, இல்ல பொண்ணுக்காக வர்ற ஆளான்னு எனக்குத் தெரியணும்ல?" குமுதாவின் உதட்டோரம் முதல்முறையாக நெகிழ்ந்தது. "நேத்து ஒரு கேள்வி கேட்டீங்க. என் வீட்டுக்கு எவன்டா பொண்ணு குடுப்பான்னு. என்ன பதில் சொல்றதுன்னு நேத்துலேர்ந்து யோசிச்சிக்கிட்டிருந்தேன். நீங்களே சபையில எந்திரிச்சு நின்னு சத்தமாச் சொல்லிட்டீங்க."

வாசலில் படத்துக்கு நின்றுகொண்டிருந்த புஷ்பவள்ளிக்கு, உள்ளேயிருந்து தன் கணவனின் குரல் வெடித்து வருவது கேட்டது. போச்சு, எதையோ சொல்லித் தொலைத்துவிட்டார் என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். சாந்தினியும் சுகுமாரனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகுதான் அது சிரிப்பு என்று தெரிந்தது. அதோடு சேர்ந்து இன்னொரு சிரிப்பும் கேட்டது. தன் தங்கை இவ்வளவு சத்தமாகச் சிரித்து எத்தனை காலம் ஆயிற்று என்று ராமதாஸ் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். புஷ்பவள்ளி நெஞ்சிலிருந்து கையை எடுத்து, மகளின் தலையில் இருந்த பூவைச் சரிசெய்தாள்.